சாட்சிக் கண்ணாடி

“அந்தத் தூண்ல சாயாதீங்க.”

பின்னாலிருந்து வந்தது தமிழ். அதுவும் நெல்லைச் சீமைத் தமிழ். கொல்கத்தாவில், கொட்டுகிற மழையில், இருநூறு வருடத்துக் கல்லறை ஒன்றின் குவிமாடத்துக்குக் கீழே ஒதுங்கி நிற்கும் பெண்ணிடம் ஓர் ஆண்பிள்ளை பேசுகிற முதல் வார்த்தையா இது? ஹம்சினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாய்ந்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

நெட்டையாக, கறுப்பாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒருவன் நின்றிருந்தான். கையில் குடை வேறு, மடக்கியே வைத்திருந்தான். அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் தோளுக்கு மேலே, தூணின் உச்சியில் இருந்தது. அது கோபத்தைக் கூட்டியது… காலையில் கண்ணுக்கு மை எழுதிக்கொண்டு வந்தது எவனோ ஒருவன் தூணைப் பார்ப்பதற்கா?

“நான் தமிழ்னு உங்களுக்கு யார் சொன்னா?”

“இப்ப போன்ல உங்க அம்மாகிட்ட சண்ட போட்டீங்கல்லா… கேட்டுச்சு.”

ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொள்ள எவ்வளவு தைரியம்! “இது இருநூறு வருஷமா நிக்கறது. நான் சாஞ்சா விழுந்துடுமாக்கும்?”

“இருநூறு வருசமா யாரும் சாயலியே. அடியில செங்கல் கரைஞ்சி, தூண் நேரா நிக்கல. பாத்தா தெரியலியா?”

பார்த்தால் தெரியவில்லையா… ஜாதவ்பூரில் உலகக் கட்டடக்கலையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். இந்தக் கல்லறைத் தோட்டத்துக்கு வருவதே அதற்காகத்தான். கும்பினிக் காலத்தில் பிழைக்க வந்து, இருபதிலும் முப்பதிலும் காய்ச்சலில் போன வெள்ளைக்காரர்கள், செத்த பிறகாவது பெரிய வீட்டில் இருப்போம் என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு எகிப்தியப் பிரமிடு. ஒருவருக்குக் கிரேக்கக் கோயில். இன்னொருவருக்கு ரோமாபுரிக் குவிமாடம். நம் சாமிகளைக் கும்பிட்ட ஒரு விசித்திர மனிதருக்கு நம் கோயில் மாதிரியே வாசல். இத்தனை நாட்டு, இத்தனை காலத்துக் கட்டடங்களை ஒரே காலையில் நடந்து பார்க்க வேறு ஊர் கிடையாது என்று வகுப்பில் அடித்துச் சொல்வாள். அவளிடம் போய் இந்தக் கேள்வி.

சுடச்சுட ஒரு பதில் கொடுக்க ஓர் அடி முன்னால் வந்தாள். அந்த ஓர் அடிதான் அவளைக் காப்பாற்றியது. உள்ளங்கை அகலக் காரைத் துண்டு மேலிருந்து கழன்று, அவள் நின்ற இடத்தில் விழுந்து சிதறியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். ‘சொன்னேன்ல’ என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே அவனை வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து அந்தத் துண்டை எடுத்து, விரலால் தேய்த்துப் பார்த்து, “நல்ல சுண்ணாம்பு” என்றான், ஏதோ பலகாரத்தைப் பற்றிச் சொல்வதுபோல. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் அவன் நிமிர்ந்து முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்தவன் பார்த்தபடியே நின்றான். மழை மட்டும் விடாமல் பெய்தது…

பெயர் சூசைராஜ். ஊர் வள்ளியூர்ப் பக்கம். சால்ட் லேக்கில், செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலை. பழைய கட்டடங்களைத் தட்டிப் பார்த்து, நிற்குமா விழுமா என்று எழுதிக் கொடுக்கும் எஞ்சினீயர். லீவு நாளில் கல்லறையா பார்ப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, உயிரோடு இருக்கிற கட்டடத்தைப் பார்க்கத்தான் சம்பளம், செத்ததைப் பார்க்க லீவு நாள்தானே என்றான். குடையை ஏன் விரிக்கவில்லை என்று கேட்டாள், கிழிந்திருக்கிறது என்றான். கிழிந்த குடையை ஒருவன் ஏன் தூக்கிக்கொண்டு வரவேண்டும்? வீடு போய்ச் சேரும்வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

போன் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து அவனே வந்து கதவைத் தட்டினான்.

கரியாஹாட்டிலிருந்து பத்து நிமிட நடையில் அவர்கள் வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் கட்டிய நான்கு மாடிக் கட்டடம். கட்டிய வருடத்திலிருந்தே இரண்டாம் மாடியில் அவர்கள் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. தெருவைப் பார்த்து வளைந்த வராந்தா, சூரியக் கதிர் விரிந்த மாதிரி கம்பி அழி, மாடிப்படிக்குக் கப்பல் ஜன்னல் போல வட்ட ஜன்னல். அந்தக் காலத்தில் மயாமியிலும் பம்பாயிலும் எது புதுமையோ அது அப்படியே இந்தச் சந்துக்கும் வந்து சேர்ந்திருந்தது. தன் வகுப்புப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே அழைத்து வந்து பாடம் எடுப்பாள் ஹம்சினி. அவள் இந்தத் துறைக்குப் போனதே அந்த வராந்தாவால்தான்.

வீட்டுக்காரர் அதை, இடித்து ஃபிளாட் கட்டி விற்கும் ப்ரோமோட்டரிடம் கொடுத்துவிடத் துடித்துக்கொண்டிருந்தார். ‘ஆபத்தான கட்டடம்’ என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால் போதும், எல்லாரையும் காலி செய்துவிடலாம். போனவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் குடித்தனக்காரர்கள் சேர்ந்து தங்கள் பக்கத்துக்கு ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். நிபுணருக்குக் கதவைத் திறந்தது ஹம்சினி.

“உள்ள வாங்கோ. எதுலயும் சாயாமதான் நிக்கறேன்” என்றாள்.

சூசைராஜின் கறுத்த முகம் சிவந்ததா என்று சொல்வது கஷ்டம். கையிலிருந்த சுத்தியல் மட்டும் நழுவி, அவன் கால் கட்டைவிரலில் விழுந்தது.

அப்பா வெங்கடநாராயணன், வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலை ஏழரை மணிக்கு அங்கே உட்கார்ந்தால் ஒன்பதுக்குத்தான் எழுந்திருப்பார். எந்த ஊர் என்று கேட்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். கொத்தனார் என்றான். பேர் கேட்டார். சூசைராஜ் என்றான். பேப்பர் மெல்ல உயர்ந்து அவர் முகத்தை மறைத்துக்கொண்டது. அம்மா ராஜலக்ஷ்மி எல்லாருக்கும் டவராவில் காபி கொடுத்துவிட்டு, அவனுக்கு மட்டும் எங்கிருந்தோ தேடி ஒரு பீங்கான் கோப்பை எடுத்து வந்தாள். அவன் அதைப் பார்த்தான். குடித்தான். ஹம்சினிக்குக் காது மடல் எரிந்தது.

வராந்தா சுவரோடு சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டினான். பக்கத்தில் தேதி எழுதினான்.

“சுவர் அசைஞ்சா கண்ணாடி பட்டுன்னு உடைஞ்சிரும். எங்கப்பா இத சாட்சின்னு சொல்லுவாரு. ஆறு வாரம் பாப்போம். அதுவரைக்கும் இங்க யாரும் உக்கார வேண்டாம் சார்.”

வெங்கடநாராயணன் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனார். எண்பது வருடத்துக்கும் மேலாக யாரும் அந்தக் குடும்பத்திடம் அப்படிச் சொன்னதில்லை.

அந்த ஆறு வாரங்கள்… அதற்கு மேல் ஹம்சினியின் வாழ்க்கையில் சந்தோஷம் என்று எழுத ஒன்றும் இல்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்லலாம். ஞாயிறுதோறும் சுற்றினார்கள். ஆர்மேனியர்களின் சர்ச், விக்டோரியா மண்டபம், வடக்கே தூண் தூணாக நிற்கும் ஜமீன் வீடுகள். இங்கே இல்லாததை போனில் பார்த்துக்கொண்டார்கள். கரியாஹாட் முனையில் புச்கா என்கிற பானிபூரி சாப்பிட்டுக்கொண்டே ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு கட்டடத்தின் பேரைச் சொல்ல வேண்டும். அது எப்படி அழகு என்று அவள் சொல்வாள்; எங்கே உடையும் என்று அவன் சொல்வான்.

ரோமாபுரியின் பாந்தியன் என்றாள். உச்சிக்குப் போகப் போக எடை குறைந்த கல்லாகக் கலந்து கட்டியிருக்கிறான், அது இப்போதைக்கு உடையாது என்றான். பைசா கோபுரம் என்றாள். பைசாவுக்கும் அடியில் களிமண், கொல்கத்தாவுக்கும் அடியில் களிமண், நாம் நிற்கிற இடத்தைப் பற்றி முதலில் கவலைப்படுங்கள் என்றான். பிரான்ஸில் போவே என்ற ஊரில் வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டின சர்ச்சின் கூரை பன்னிரண்டு வருடத்தில் இடிந்ததைச் சொல்லும்போது, சொந்தக்காரன் செத்ததுபோல அவன் குரல் இறங்கியது. இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாதான் அவனுக்கு ரொம்பப் பிடித்தது. அதன் முதல் குவிமாடம் இருபது வருடத்தில் விழுந்துவிட்டது. கணக்கு தப்பு என்று ஒத்துக்கொண்டு, இன்னும் உயரமாகத் திரும்பக் கட்டினார்கள். தப்பை ஒத்துக்கொண்டவன் கட்டினதுதான் ஆயிரத்துச் சொச்சம் வருடம் நிற்கிறது என்பான். தஞ்சாவூரைச் சொன்னால் மட்டும் அவன் விளையாட மாட்டான். கும்பிட்டுக்கொள்வான்.

“நீங்க எதையுமே அழகா இருக்குன்னு சொல்ல மாட்டேளா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்…” என்று அவன் புச்கா தொன்னையைப் பார்த்துச் சொன்னான். “உங்களுக்குத்தான் கேக்கல.”

கேட்டது. நன்றாகவே கேட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. அவனே இன்னும் தெளிவாகச் சொல்லட்டுமே என்ற ராங்கி. முப்பது வருடமாக அந்த வளைந்த வராந்தாவில் நின்று தெருவைக் குனிந்தே பார்த்துப் பழகியவளுக்குக் கொஞ்சம் ராங்கி இருக்காதா…

வீட்டில் மட்டும் சொன்னாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பேரைச் சொன்னாலே எல்லாம் தெரிந்துவிடுகிறதே என்று அழுதாள். அப்பா அழவில்லை. அவர் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தே காலம் கழித்தவர்.

“மொதல்ல அவன் என்ன எழுதறான்னு பார்ப்போம். வீடு நின்னுதுன்னா அப்பறம் பேரைப் பத்திப் பேசலாம்” என்றார்.

அது சம்மதம் என்று ஹம்சினி எடுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பேர் பேரம் என்று அப்போது அவளுக்குப் படவில்லை.

ஐந்தாம் வாரம், வியாழக்கிழமை காலை. இரவெல்லாம் மழை பெய்து வானம் வெளுத்திருந்தது. காலேஜுக்குக் கிளம்பியவள் வழக்கம்போல வராந்தாவை எட்டிப் பார்த்தாள். கண்ணாடி உடைந்திருந்தது. நடுவில், தலைமுடி கனத்தில், ஒரே ஒரு கோடு.

 வேலை செய்யும் மாலதி மாசி துடைப்பத்தால் தட்டியிருப்பாள் என்று தோன்றியது. தோன்றியதா, தோன்றவைத்துக்கொண்டாளா என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்கு நேரான பதில் தெரியாது. மாசியிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளே.

காலேஜுக்கு லீவு சொன்னாள். மாடல் செய்வதற்கு வைத்திருந்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அலமாரியில் இருந்தது. பழைய போட்டோ சட்டத்தின் கண்ணாடியை அளவெடுத்து வெட்டினாள். உடைந்ததைச் சுரண்டி எடுத்தாள். புதியதை வைத்துப் பூசி, தேயிலைத் தண்ணீரால் நிறத்தை மங்கவைத்தாள். தேதியை அவன் எழுதியிருந்த மாதிரியே எழுதினாள். அரை மணி நேர வேலை. ஒரு வீடும் ஒரு கல்யாணமும் விரல் நீளக் கண்ணாடிக்காகப் போவதா? அவள் படித்த அத்தனை பாடத்திலும் விரிசல் விடாத பழைய கட்டடம் ஒன்று கூடக் கிடையாது. எல்லாம் நிற்கத்தானே செய்கின்றன…

ஆறாம் வாரம் சூசைராஜ் வந்தான். கண்ணாடி முன்னால் நின்றவன் ரொம்ப நேரம் நகரவில்லை. மெதுவாகத் திரும்பினான்.

“இத யாரும் தொடலியே?”

“இல்லையே” என்றாள் ஹம்சினி. அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பார்க்காமல் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

அவன் அவளையே பார்த்தான். மழை விட்ட வெயில் அவன் முகத்தில் விழுந்தது. அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை யாரிடமும் பார்த்ததில்லை; அதில் பிரியம் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. பிரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவன் போட்டோ எடுத்துக்கொண்டு, கூடத்தில் அப்பாவோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனான். சில்லறை ரிப்பேர் செய்துகொண்டு குடியிருக்கலாம் என்று நாலாம் நாள் அறிக்கை வந்தது. நாலு குடித்தனமும் ரசகுல்லா வாங்கி மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டது. வெங்கடநாராயணன் தன் நாற்காலியைத் திரும்ப வராந்தாவில் போட்டுக்கொண்டார்.

மஹாளயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, காலை ஏழே முக்காலுக்கு வராந்தா விழுந்தது.

சத்தம் கூட அவ்வளவு பெரிதாக இல்லை. அடுப்படியிலிருந்து ஹம்சினி ஓடி வந்தபோது, கூடத்துக் கதவுக்கு அப்பால் வெறும் வெளிச்சம் இருந்தது. கீழே, கற்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே அப்பா கிடந்தார். கையில் பேப்பர் இருந்தது.

உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே மட்டும் பிழைக்கவில்லை. இரண்டே நாளில் கட்டடத்தைக் காலி செய்ய வைத்தார்கள். ப்ரோமோட்டருக்கு யோகம், ஒரு மாதத்தில் தரைமட்டம். அவர்கள் சால்ட் லேக்கில், பார்க்கவும் ஒன்றும் இல்லாத, பேசவும் ஒன்றும் இல்லாத ஒரு சதுர ஃபிளாட்டுக்கு வந்தார்கள். சூசைராஜைக் கம்பெனி வெளியே அனுப்பியது. லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதியவன் என்று பேப்பரில் போட்டோவோடு வந்தது. விசாரணை ஆரம்பமானது. அவன் அங்கே வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தான். அம்மா வார்டு வாசலில் மறித்துக்கொண்டாள். நீ நன்றாக இருப்பாயா என்று கேட்டாள். அவன் குலத்தைக் கேட்டாள், கோப்பையில் குடித்த காபிக்கு இதுதான் கைம்மாறா என்று கேட்டாள், சொல்லக் கூடாததையெல்லாம் கேட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். அம்மாவுக்குப் பின்னால் ஹம்சினி நின்றாள். கண்ணாடியை மாற்றியது நான் என்று இரண்டு மொழியில் சொல்லத் தெரிந்தவள். ஒரு மொழியிலும் சொல்லவில்லை. அவன் போகும்போது அவளைப் பார்த்துத் தலையை மட்டும் லேசாக அசைத்தான், வேண்டாம் என்பதுபோல. அதற்கு அர்த்தம் அவளுக்குப் புரியவில்லை.

நாலு மாதம் அந்தப் பொய்யோடு சாப்பிட்டாள், தூங்கினாள், அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். தினமும் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அப்பா அவனைச் சபிப்பார். அவன் கையெழுத்தை நம்பித்தானே நாற்காலியைப் போட்டேன் என்பார்.  ஹாகியா சோஃபியாவின் படம் திரையில் வந்த அன்று, வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடி, பிளாஸ்டர், தேயிலைத் தண்ணீர், ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் அடிக்கவில்லை, அடிக்கக் கையாவது எழும்பியிருக்கலாம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலையில்தான் பேசினார்.

“அவன் பேர் கெட்டுக் கெடக்கு. போய்ச் சொல்லு.”

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை.

நடந்ததையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு அவன் அறையைத் தேடிப் போனாள். ஐ.டி. பையன்கள் இருவரோடு தங்கியிருந்தான். அவர்கள் ஆபீஸ் போயிருந்தார்கள். இளைத்திருந்தான். உட்காரச் சொன்னான். அவள் நின்றுகொண்டே கடிதத்தை நீட்டினாள். ஜன்னல் பக்கம் போய் நின்று முழுவதும் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

“எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீங்க மாத்தினது. அன்னைக்கே தெரியும்.” அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “நான் பூசினா கோணல்மாணலாத்தான் இருக்கும், வெரல் தடம் கிடக்கும். அதுல ஓரமெல்லாம் சீவி எடுத்த மாதிரி அம்புட்டு அழகா இருந்துச்சு. அந்த வீட்டுல ஒடஞ்சத அவ்வளவு அழகா ஒட்டவைக்க வேற யாரு இருக்கா?”

 அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டேள்?”

 தெருவில் ஒரு ஆட்டோ நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

“அன்னைக்கு உங்கப்பா கூடத்துல என்னைய கூப்பிட்டு உக்கார வச்சாரு. டவராவுல காபி குடுக்கச் சொன்னாரு. அறிக்கை நல்லபடியா வரட்டும், அப்புறம் என்னைய சார்னு கூப்பிட வேண்டாம், மாமான்னே கூப்பிடலாம்னாரு.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “எங்கப்பா நாப்பது வருசமா அடுத்தவங்க வீட்டக் கட்டி, வாசலோட திரும்பி வந்தவரு. எனக்கு அந்த ஒரு வார்த்த போதும்போல இருந்துச்சு. எப்படியும் வெயில் காலத்துக்குள்ள முட்டுக் குடுத்துரலாம், ஒரு மழ தாங்கும்னு கணக்குப் போட்டேன். கணக்குப் போடலங்க… ஆசப்பட்டேன். உங்கமேல உள்ள ஆசையில எழுதின அறிக்கை அது.”

இதைத்தான் அவள் கேட்கக் காத்திருந்தாள். புச்கா கடை முன்னால், மழையில், எத்தனை ஞாயிற்றுக்கிழமை! காதலைச் சொல்கிறான், அவளுக்கு அப்பாவின் கால்கள்தான் கண் முன்னால் வந்தன.

அவளுடைய கடிதம் அவனைக் காப்பாற்றும் என்றுதான் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொடுத்தால் நான் ஏமாந்தவன் ஆகிவிடுவேன், நான் ஏமாறவில்லை என்றான் அவன். அவள் பேரை இழுக்க வேண்டாமே என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்ததாகச் சொன்னான். இப்போது அவளே வந்துவிட்டதால் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைத் தாள் எடுத்தான். இரண்டு பேரும் மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து, மாற்றியது ஒருவர், தெரிந்தும் மறைத்தது ஒருவர் என்று சேர்ந்து எழுதினார்கள். கல்யாணப் பதிவேட்டில் அடுத்தடுத்து விழ வேண்டிய இரண்டு கையெழுத்து அந்தத் தாளின் அடியில் விழுந்தது.

மத்தியானமே விசாரணை அலுவலகத்துக்குப் போனார்கள். பழைய கட்டடம். எந்தக் காலத்தது என்று இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. வயதான வங்காளி குமாஸ்தா ஒருவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஒரே கடிதத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று எழுத வேண்டும் என்றார்.

ஒன்றும் இல்லை என்றான் சூசைராஜ், தெரிந்த வங்காளத்தில்.

ஹம்சினி குமாஸ்தாவையே பார்த்தாள். தமிழில் ஒரு நாளும் வாயில் வராதது, அவள் பிறந்து வளர்ந்த ஊரின் பாஷையில் தானாக வந்தது.

“ஆமி ஓகே பாலோபாசி.” நான் இவரைக் காதலிக்கிறேன்.

குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அதை எழுத இதில் இடம் இல்லையம்மா என்று மெதுவாகச் சொல்லி, ‘உறவு இல்லை’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். கடைசிப் படியில் அவன் நின்றான். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றான்.

“சொல்லியிருந்தா கையெழுத்துப் போடாம இருந்திருப்பேளா?”

யோசித்தான். அவளுக்காகக் கூட இன்னொரு பொய் சொல்லக் கூடாது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“அப்பவும் போட்டிருப்பேங்க… அதான் பயமா இருக்கு.”

தீர்ப்பு வந்ததும் ஊருக்குப் போய்விடுவேன், வராதீர்கள் என்றான். சரி என்றாள். அவன் தெருவைக் கடந்து பஸ் நிற்கும் பக்கம் போனான். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் ஆகியிருந்தது. அவள் எதிர்ப் பக்கம் நடந்தாள்.